ஏழாம் மேசை, கறுப்பு

கல்லடிப் பள்ளிக்கூட மண்டபத்தில் கச்சான் காற்று
ஸ்கோர் தாளைப் புரட்டுகிறது.
தண்ணீர்ப் போத்தல் மூடியை அதன்மேல் வைக்கிறேன்.
மூடியும் உருண்டு போகிறது.
கடிகாரத்தில் என் பக்கத்துப் பொத்தான்
இரண்டு தரம் அமுக்கினால்தான் கேட்கும்.

எதிரில் ஏறாவூர் இல்ஹாம்.
போன் திருத்துகிறவர், விரல்நுனியில் ஈயம் சுட்ட தழும்பு.
சின்ன ஸ்குரூவைத் தூக்குவதுபோலக் காயைத் தூக்குவார்.
வைத்த பிறகு கட்டத்தின் நடுவுக்கு
ஒருதரம் நேராக்குவார்.

நாலாவது நகர்வில் அவருடைய குதிரை
ஜீ ஐந்துக்குப் பாய்கிறது.
பின்னால் மந்திரி. இரண்டு பேருக்கும் கண்
ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத
என் ஒற்றைக் காலாளில்.
நடுவில் ஒரு காலாளைத் தள்ளி வழியை மறிக்கிறேன்.
அவர் வெட்டுகிறார்.

இப்போது கை தானாகப் போகும்.
வெட்டினவனைத் திருப்பி வெட்டு.
அதைவிட இயல்பான காரியம் என்ன இருக்கிறது?
மார்கழியில் கல்முனையில் அப்படித்தான் வெட்டினேன்.
இவர் குதிரையைச் சும்மா கொடுத்தார்.
என் ராஜா வெளியே வந்து அதைத் தின்றான்.
தின்ற பிறகு வீட்டுக்குப் போக வழியில்லை.
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மழையில் நிற்பதுபோலப்
பலகையின் நடுவில் நின்றான்.
பதினேழாவது நகர்வில் கை கொடுத்தேன்.
வீடு வரும்வரை யாரோடும் பேசவில்லை.
கூட வந்தவரும் யாருமில்லை.

அன்றிலிருந்து இரவு டியூட்டியில் இதுதான் படிப்பு.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை அறை,
மெஷின் சுற்றும் பத்து நிமிடத்துக்குள் ஒரு வரிசை.
"போனுக்குள்ள ஆருடி?" என்று வனிதாமலர் மிஸ் கேட்டா.
ஒரு பெடியன் என்றேன்.
விளக்குவதைவிட அது லேசு.

படித்தது இவ்வளவுதான்:
திருப்பி வெட்டாதே.
மற்றக் குதிரையை எடுத்து விளிம்புக்கு அனுப்பு.
விளிம்பில் நிற்பது அரைக்குதிரை என்று
எல்லாருக்கும் முதல் கிழமையே சொல்லித் தருவார்கள்.
ஆனால் அங்கே நின்றால்தான் அந்த மந்திரிக்கு மூச்சு முட்டும்.
போன காலாள் போகட்டும்,
அந்த விலைக்கு நேரத்தை வாங்கு.

ஏ ஐந்தில் வைக்கிறேன்.
இரண்டு தரம் அமுக்குகிறேன்.

இனி மந்திரி செக் சொல்ல வேண்டும்.
அதிலிருந்து பன்னிரண்டு நகர்வு எனக்குப் பாடம்.
இல்ஹாம் தாடியைத் தடவுகிறார்.
டி வரிசைக் காலாளை ஒரேயொரு கட்டம் தள்ளுகிறார்.
நேராக்குகிறார்.

ஆறு மாதம் அவரும் சும்மா இருக்கவில்லை.

நடுவர் ஜன்னலைச் சாத்தப் போகிறார்.
கொக்கி கழன்று கையோடு வருகிறது.
அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

நரம்பு அகப்படாவிட்டால் ஊசியால் கிண்டக் கூடாது.
விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.
இருபத்தொரு நிமிடம் போகிறது.

பிறகு ஓரக் காலாளை ஒரு கட்டம்.
அவர் குதிரை பின்வாங்குகிறது.
நடுக் காலாளை அதன் முகத்துக்கே தள்ளுகிறேன்.
ராணி எழும்பி வந்து அந்தக் காலாளை
என் ராஜாவின் காலோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறாள்.
கட்டட்டும்.
அரைக்குதிரை கரையிலிருந்து இறங்கி
மந்திரியை எடுக்கிறது.
அவர் குதிரையை எடுக்கிறார்.

இன்னமும் எனக்கு ஒரு காலாள் குறைவுதான்.
மந்திரியை வெளியே விடுகிறேன்,
ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்புகிறேன்.
கட்டு அவிழ்ந்தது. இனி அவர் குதிரை நகர்ந்தாக வேண்டும்.

அவர் நெடுநேரம் பார்க்கிறார்.
பிறகு அதைத் தூக்கிப்
பலகையின் அந்தப் பக்கத்து விளிம்பில் வைக்கிறார்.
நேராக்கவில்லை.

குதிரை, ஹெச் இரண்டு என்று எழுதுகிறேன்,
தாள் பறக்காமல்
முழங்கையால் அமுக்கிக்கொண்டு.